தகடு ஏன் இறுகுகிறது? பதில் எந்தப் புத்தகத்தில்?

செம்புத் தகட்டை அடித்துக் குடமாக்கும் கன்னாருக்கு ஒரு கட்டத்தில் ஓசையே சேதி சொல்லிவிடும். மந்தமாகக் கேட்ட அடி கணீரென்று கேட்கத் தொடங்கினால் தகடு இறுகிவிட்டது என்று பொருள். அதற்கு மேலும் அடித்தால் விளிம்பு வெடிக்கும். அவர் தகட்டை உலையில் வைத்துச் சிவக்கக் காய்ச்சுகிறார், தண்ணீரில் முக்கி எடுக்கிறார். தகடு மறுபடியும் இளகிக் கைக்கு வசப்படுகிறது. வேலை தொடர்கிறது.

பித்தளை, செம்புப் பாத்திரத் தொழில் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் உலையும் சுத்தியலும் மாறி மாறி வேலை செய்கின்றன. பஞ்சாபின் ஜண்டியாலா குரு ஊரில் தட்டேரா கைவினைஞர்கள் பாத்திரம் செய்யும் முறையை 2014ஆம் ஆண்டு யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. தலைமுறை தலைமுறையாகக் கை அறிந்த வித்தை இது.

ஆனால் தொழிலைப் புதிதாகக் கற்பவருக்குக் கேள்விகள் எழுகின்றன. அடித்தால் ஏன் இறுகுகிறது? காய்ச்சினால் ஏன் இளகுகிறது? கத்தி செய்யும் எஃகைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் கடினமாகிறது; செம்பு மட்டும் ஏன் மென்மையாகவே இருக்கிறது? ஐடிஐ மாணவரும் டிங்கரிங் பட்டறை இளைஞரும் இவற்றுக்கு விடை சொல்லும் புத்தகத்தைத் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும். கைத்தொழில் நூல்கள் ‘இப்படிச் செய்’ என்கின்றன. பொறியியல் நூல்களோ பிரஸ் இயந்திரத்தையும் சமன்பாடுகளையும் பற்றிப் பேசுகின்றன. தேவையான அறிவு இல்லாமல் இல்லை. அது நூலகத்தின் மூன்று வெவ்வேறு அலமாரிகளில் பிரிந்து கிடக்கிறது. எந்தக் கேள்விக்கு எந்த அலமாரி என்று தெரிந்துகொண்டால் பாதித் தேடல் முடிந்தது.

முதல் அலமாரி கைவினை நூல்களுடையது. இதன் மரபு மிகப் பழையது. 12ஆம் நூற்றாண்டில் தியோஃபிலஸ் என்ற பெயரில் எழுதிய ஐரோப்பியத் துறவி, வெள்ளிக் கிண்ணம் அடிக்கும் முறையை விவரித்திருக்கிறார். இத்தாலியச் சிற்பி செல்லினியின் பொற்கொல்லர் கலை பற்றிய நூல் 1568இல் வெளிவந்தது. நம் காலத்தில் ஓப்பி உன்ட்ராக்ட் 1968இல் எழுதிய ‘மெட்டல் டெக்னிக்ஸ் ஃபார் கிராஃப்ட்ஸ்மென்’, டிம் மெக்ரைட்டின் ‘தி கம்ப்ளீட் மெட்டல்ஸ்மித்’ ஆகியவை இவ்வகையில் பெயர்பெற்றவை. கார் பாடி வேலைக்கு ரான் ஃபோர்னியரின் கையேடுகள் உண்டு. எந்தச் சுத்தியல், எந்தக் கோணம், எந்த வரிசை என்பதெல்லாம் இங்கே கிடைக்கும்.

இந்த அலமாரியில் சற்று வித்தியாசமான நூல் ஒன்று இருக்கிறது. பின்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் கற்பித்த ஹெய்க்கி செப்பா 1978இல் வெளியிட்ட ‘ஃபார்ம் எம்ஃபஸிஸ் ஃபார் மெட்டல்ஸ்மித்ஸ்’ என்ற சிறு நூல் அது. பாத்திரங்களை வகைப்படுத்தாமல் வளைவுகளை வகைப்படுத்தினார் செப்பா. ஒரே திசையில் வளைந்த குழாய் ஒரு வகை. எல்லாத் திசையிலும் ஒரே பக்கமாக வளைந்த கிண்ணம் இன்னொரு வகை. ஒரு திசையில் மேலும் மறு திசையில் கீழுமாக வளைந்த குதிரைச் சேண வடிவம் மூன்றாவது.

இந்தப் பாகுபாடு ஜெர்மானியக் கணிதமேதை காஸ் 1827இல் நிறுவிய தேற்றத்தோடு அப்படியே பொருந்துகிறது. தட்டையான பரப்பை நீட்டாமல், சுருக்காமல் வெறுமனே வளைத்தால் அது உருளையாகலாம், கூம்பாகலாம். ஒருபோதும் கிண்ணமாகாது என்பது அத்தேற்றம் தரும் முடிவு. தோசையை நீளமாகச் சுருட்டலாம், கூம்பாக நிறுத்தலாம். ஆனால் கிழியாமல், மடியாமல் அதைக் கிண்ணத்துக்குள் ஒட்டப் படிய வைக்க முடியாது. தகட்டுக்கும் இதே விதிதான். கிண்ணம் வேண்டுமென்றால் நடுப்பகுதி விரிய வேண்டும் அல்லது விளிம்பு சுருங்க வேண்டும். உலோகத்தின் கன அளவு மாறாததால் விரிந்த இடம் மெலியும், சுருங்கிய இடம் தடிக்கும். குழிவான கட்டையில் வைத்து உள்ளிருந்து அடிக்கும் முறையில் அடிப்பகுதி மெலிவதும், அடைகல்லில் சாய்த்து வெளியிலிருந்து விளிம்பைக் கூட்டி அடிக்கும் முறையில் சுவர் தடிப்பதும் இதனால்தான்.

இறுகுவதும் இளகுவதும் இரண்டாவது அலமாரியின் சங்கதி. அது உலோகவியல்.

உலோகம் என்பது நுண்ணிய படிகங்களின் கூட்டம். அந்தப் படிகங்களில் அணுக்கள் அடுக்கடுக்காக அமைந்திருக்கின்றன. ஓர் அடுக்கு முழுவதும் ஒரே நேரத்தில் நகர எவ்வளவு விசை வேண்டும் என்று ரஷ்ய இயற்பியலாளர் ஃபிரெங்கல் 1926இல் கணக்கிட்டார். அந்தக் கணக்குப்படி பார்த்தால் செம்புத் தகட்டை மனிதக் கை வளைக்கவே முடியாது. உண்மையான படிகமோ ஆயிரக்கணக்கான மடங்கு குறைந்த விசைக்கே இணங்கியது. இந்தப் புதிருக்கு டெய்லர், ஒரோவன், பொலானி ஆகிய மூவரும் 1934இல் தனித்தனியே ஒரே விடையைச் சொன்னார்கள். அணு அடுக்குகளில் கோடு கோடாகப் பிசகுகள் இருக்கின்றன. அடுக்கு முழுதாக நகர்வதில்லை, அந்தப் பிசகுதான் வரிசை வரிசையாக நகர்ந்து செல்கிறது என்பது அவர்கள் கருத்து. டிஸ்லொகேஷன் என்று பெயர் பெற்ற இந்தப் பிசகுகள் நகர்வதை, 1956இல் கேம்பிரிட்ஜில் பீட்டர் ஹிர்ஷ் குழுவினர் மெல்லிய அலுமினியத் தாளில் எலெக்ட்ரான் நுண்ணோக்கி வழியே நேரில் கண்டார்கள்.

கன்னாரின் உலைக்குக் காரணம் இங்கே கிடைக்கிறது. நன்கு காய்ச்சி ஆறிய உலோகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பை ஏறத்தாழ பத்து லட்சம் முதல் பத்துக் கோடி பிசகுகள் வெட்டிச் செல்லும். ஓயாமல் அடித்த உலோகத்தில் அந்த எண்ணிக்கை லட்சம் கோடி வரை ஏறும். ஒன்றின் வழியை ஒன்று மறிக்க, எதுவும் நகர முடியாமல் போகிறது. அதுதான் இறுக்கம். சூடேற்றும்போது பிசகுகள் நிறைந்த பழைய படிகங்களின் இடத்தில் புதிய படிகங்கள் பிறந்து வளர்கின்றன. அதுதான் இளக்கம். எஃகைச் சட்டென்று குளிர்வித்தால் அதிலுள்ள கார்பன் வெளியேற வழியின்றி அணு அடுக்குகளுக்குள் சிக்கி அதைக் கடினமாக்குகிறது. செம்பில் அப்படிச் சிக்க எதுவும் இல்லை. ஆகவே தண்ணீரில் முக்கினாலும் அது மென்மையாகவே இருக்கிறது.

எவர்சில்வர் கடையில் காந்தம் வைத்துப் பார்ப்பவர்களுக்கும் இந்த அலமாரியில் ஒரு செய்தி உண்டு. 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கொண்ட தரமான 304 ரகத் தகட்டில் காந்தம் ஒட்டாது. ஆனால் அதே தகட்டை ஆழமாக அழுத்திச் சிங்க் செய்தால் மூலைகளில் காந்தம் லேசாக இழுக்கும். அழுத்தத்தில் அங்குள்ள படிக அமைப்பின் ஒரு பகுதி மாறிவிடுவதே காரணம். மூலையில் ஒட்டியதை மட்டும் வைத்துப் பாத்திரம் மட்டம் என்று முடிவு கட்டுவது தவறு.

பொது வாசகர் இந்த அலமாரிக்குள் நுழைய மார்க் மியோடோவ்னிக்கின் ‘ஸ்டஃப் மேட்டர்ஸ்’ நல்ல வாசல். அடுத்து ஜே. ஈ. கார்டன் 1968இல் எழுதிய ‘தி நியூ சயின்ஸ் ஆஃப் ஸ்ட்ராங் மெட்டீரியல்ஸ்’ நூலைப் படிக்கலாம். கணிதத்துக்கு அஞ்சுபவரும் படிக்கும்படி எழுதப்பட்ட நூல் அது. பாடமாகவே படிக்க விரும்புவோருக்கு, டெல்லி ஐஐடி பேராசிரியராக இருந்த வி. ராகவனின் பாடநூல்கள் இந்திய விலையில் கிடைக்கின்றன.

மூன்றாவது அலமாரி விசைகளின் கணக்கு. எவ்வளவு வளைத்தால் எவ்வளவு திரும்பி நிமிரும், எங்கே சுருக்கம் விழும், எங்கே கிழியும் என்பதெல்லாம் இங்கே. எவர்சில்வர் டம்ளரை எடுத்துக்கொள்வோம். வட்டத் தகட்டை அச்சுக்குள் அழுத்தும்போது விளிம்பு சுருங்கியபடி உள்ளே வர வேண்டும். அதை இழுப்பது டம்ளரின் சுவர். வட்டத்தின் விட்டம் டம்ளரின் விட்டத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கைத் தாண்டினால் சுவரால் இழுக்க முடியாது, அடி பிய்ந்துவிடும். ஆகவே உயரமான பாத்திரங்களைப் பல கட்டமாக இழுக்கிறார்கள். 1960களில் கீலரும் குட்வினும் தகட்டின் மேல் சிறு வட்டங்களை அச்சிட்டு அழுத்தினார்கள். அவை நீள்வட்டமாக மாறிய அளவைக் கொண்டு, கிழியும் எல்லையைக் காட்டும் வரைபடம் உருவானது. கார் தொழிற்சாலைகள் இன்றும் அதைப் பயன்படுத்துகின்றன.

டிங்கரிங் பட்டறையில் உப்பிய தகட்டில் ஒரு புள்ளியை மட்டும் கேஸ் வைத்துச் சிவக்கச் செய்து, ஈரத் துணியால் ஒற்றிச் சுருக்குவார்கள். சூடான புள்ளி விரியப் பார்க்கிறது. சுற்றியுள்ள குளிர்ந்த தகடு விடுவதில்லை. அதனால் அந்த இடம் தடிக்கிறது. ஆறும்போது சுருங்கிச் சுற்றுப்புறத்தை இழுத்துக்கொள்கிறது. இதற்கான இயக்கவியலும் இதே அலமாரியில்தான். ஜார்ஜ் டீட்டரின் ‘மெக்கானிக்கல் மெட்டலர்ஜி’, ஹாஸ்ஃபோர்டும் கேடலும் எழுதிய ‘மெட்டல் ஃபார்மிங்’, மார்சினியாக், டங்கன், ஹூ மூவரின் ‘மெக்கானிக்ஸ் ஆஃப் ஷீட் மெட்டல் ஃபார்மிங்’ ஆகியவை இங்கே முக்கியமானவை. முதல் வாசிப்பில் சமன்பாடுகளைத் தாண்டிப் படங்களையும் விளக்கங்களையும் மட்டும் படித்தாலே நிறையப் புரியும்.

மூன்று அலமாரிகளும் ஒன்றுகூட வேண்டிய தேவைக்கு இந்தியாவிலேயே ஒரு சான்று உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் இங்கிருந்த படையின் பித்தளைத் தோட்டா உறைகள், மழைக்காலத்தில் யாரும் தொடாமலே வெடிப்பு விட்டன. அழுத்தி இழுத்துச் செய்த உறைகளுக்குள் இழுவிசை தேங்கியிருந்தது. அவற்றைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தார்கள். குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியா ஈரக்காற்றோடு சேர்ந்து படிக எல்லைகளைத் தாக்கியது. மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகியோர் 1921இல் இதை விளக்கினார்கள். செய்து முடித்த உறையை மிதமாகச் சூடேற்றி உள்விசையைத் தணிப்பதே தீர்வாயிற்று. செய்முறை, உலோகவியல், விசைக் கணக்கு மூன்றும் சேராமல் இந்த விடை கிடைத்திருக்காது.

விலை உயர்ந்த நூல்களை வாங்கித்தான் படிக்க வேண்டும் என்பதில்லை. சென்னையில் கன்னிமாரா நூலகமும் அண்ணா நூற்றாண்டு நூலகமும் இருக்கின்றன. மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023இல் திறக்கப்பட்டது. ஐஐடிகளின் என்பிடெல் விரிவுரைகளை இலவசமாகக் கேட்கலாம். சென்னை கிண்டியிலுள்ள நிமி நிறுவனம் ஐடிஐ தொழிற்பிரிவுகளுக்கான பாடநூல்களை வெளியிடுகிறது. கேள்வியை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அதற்கு விடை தரும் அத்தியாயத்தை மட்டும் முதலில் படிப்பது பலன் தரும் வழி.

இவற்றில் பெரும்பாலானவை ஆங்கில நூல்கள் என்பதே பட்டறைக்காரருக்கு உள்ள பெரிய தடை. உலோகவியல் கற்பிக்கும் பேராசிரியர் ஒருவரும், கை தேர்ந்த கன்னாரோ டிங்கரோ ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்தால், மூன்று அலமாரிகளின் சாரத்தையும் இருநூறு பக்கத்தில் தமிழில் தர முடியும். தமிழ்ப் பதிப்பகங்களும் பல்கலைக்கழகங்களும் அந்த வேலையை எடுத்துச் செய்ய வேண்டும்.