கண்ணால் கண்டதும் பொய்யாகுமா?

கார்த்திகை தீபத்தன்று மாலை, திருவண்ணாமலையில் நிற்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மணி ஆறு. 2,668 அடி உயர மலையின் உச்சியில் தீபம் ஏற்றப்படுகிறது. கூட்டம் முழுவதும் மலையையே பார்க்கிறது. அந்த நேரத்தில், "ஐயோ, என் சங்கிலி!" என்று ஓர் அலறல். யாரோ ஒருவன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடுகிறான். "சிவப்புச் சட்டை" என்கிறார் ஒருவர். "இல்லை, கறுப்பு" என்கிறார் மற்றொருவர். சற்று நேரத்தில் கறுப்புச் சட்டை அணிந்த ஓர் இளைஞனைப் பிடித்துவிடுகிறார்கள். அடி விழத் தொடங்குகிறது. அவன்தான் திருடனா?

துப்பறியும் கதைகளின் உயிர்நாடியே இந்தக் கேள்விதான். இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்திலுள்ள ஆரணியின் பெயரைத் தாங்கிய ஆரணி குப்புசாமி முதலியார், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேனாட்டுத் துப்பறியும் கதைகளைத் தமிழ்ச் சூழலுக்கு ஏற்ப மாற்றி எழுதிப் புகழ் பெற்றார். பிறகு திரைப்படமும் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தது. 1954இல் எஸ். பாலசந்தர் இயக்கத்தில் வெளிவந்த 'அந்த நாள்' படத்தில் பாட்டு கிடையாது. 1943இல் சென்னையில் ஜப்பானியர் குண்டு வீசிய நாளை ஒட்டி ஒரு கொலை நடக்கிறது. விசாரிக்கப்படும் ஒவ்வொருவரும் வேறு வேறு ஆளின் மேல் சந்தேகத்தைத் திருப்புகிறார்கள்.

படத்தில் சரி, உண்மை வாழ்க்கையில், பொய் சொல்ல நினைக்காத சாட்சிகளும் மாறுபடுவார்களா? மாறுபடுவார்கள். அதற்குக் காரணங்கள் உண்டு.

முதலில் கண். நம் விழித்திரையில் இருவகைச் செல்கள் உள்ளன. கூம்புச் செல்கள் நல்ல வெளிச்சத்தில் நிறங்களைக் காட்டுகின்றன. மங்கிய ஒளியில் வேலை செய்பவை கோல் செல்கள். இவற்றுக்கு நிறம் பிரித்தறியத் தெரியாது. சிவப்பொளியை இவை அநேகமாக உணர்வதே இல்லை. ஆகவே அந்தி நேரத்தில் சிவப்புப் பொருள் கறுத்துத் தோன்றும். நீலம் அதைவிடப் பளிச்சென்று தெரியும். இதை 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கவனித்துச் சொன்னவர் புர்கின்யே என்ற செக் நாட்டு அறிஞர். "கறுப்புச் சட்டை" என்றவர் பொய் சொல்லவில்லை. அவர் கண் அப்படித்தான் காட்டியது!

அடுத்து நினைவு. நினைவு என்பது பெட்டியில் பூட்டி வைத்த புகைப்படம் அன்று. எடுக்கும்போதெல்லாம் மூளை அதைப் புதிதாகக் கட்டுகிறது. 1974இல் அமெரிக்காவில் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் என்ற இரு உளவியலார் மாணவர்களுக்குக் கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டினர். 50 பேரிடம் "கார்கள் மோதி நொறுங்கியபோது வேகம் என்ன?" என்றும், வேறு 50 பேரிடம் "இடித்தபோது வேகம் என்ன?" என்றும் கேட்டனர். ஒரு வாரம் கழித்து, "உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா?" என்று கேட்டபோது, முதல் குழுவில் 16 பேரும் இரண்டாம் குழுவில் 7 பேரும் "பார்த்தோம்" என்றனர். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை! கேள்வியில் இருந்த ஒரு சொல், காணாத பொருளைக் கண்டதாக நினைக்க வைத்துவிட்டது.

இது வெறும் வேடிக்கை அன்று. அமெரிக்காவில் மரபணுச் சோதனையால் நிரபராதிகள் என்று மெய்ப்பிக்கப்பட்டு விடுதலையானவர்களில் பெரும்பாலோர், யாரோ ஒருவர் தவறாக அடையாளம் காட்டியதன் விளைவாகத் தண்டனை பெற்றவர்கள். இதனால்தான் நம் நாட்டில் அடையாள அணிவகுப்பை மாஜிஸ்திரேட் முன்னிலையில் நடத்துகிறார்கள். தோற்றத்தில் ஒத்த பலருடன் சந்தேக நபரையும் கலந்து நிறுத்துகிறார்கள்.

நீங்களும் ஒரு சோதனை செய்து பாருங்கள். சிவப்பு, நீலம், பச்சைத் தாள்களை இருட்டும் நேரத்தில் விளக்கேற்றாமல் பாருங்கள். எது முதலில் கறுக்கிறது? பிறகு, தெருவில் கண்ட ஒரு காட்சியை நண்பர்கள் ஐவர் ஒருவரோடொருவர் பேசாமல் தனித்தனியே எழுதட்டும். ஐந்தையும் ஒப்பிடுங்கள்.

அந்தக் கறுப்புச் சட்டை இளைஞனுக்காக அப்போது நீங்கள் "பொறுங்கள், விசாரிப்போம்" என்று குரல் கொடுப்பீர்கள். தீர விசாரிப்பதே மெய் என்று நம் முன்னோர் சொன்னதை, அறிவியலும் வழிமொழிகிறது.