ஒரு சினைப்பை இருந்தாலும் தாய்மை உண்டு

இந்த அரங்கில் இன்று நான் பேச எடுத்துக்கொண்டது, நம் பெண்கள் வெளியில் சொல்லக் கூச்சப்படும் ஒரு விஷயம்.

"அவளுக்கு ஒரு பக்கத்தை எடுத்துட்டாங்களாம். இனி எங்க பிள்ளை நிக்கப் போவுது?"

நெகிரி செம்பிலானில் ரந்தாவ், லிங்கி, சிலியாவ், பகாவ் என்று எந்த வட்டாரத் தோட்டத்துக்குப் போனாலும் இந்தப் பேச்சு இருக்கும். தோட்டத்தை விட்டுத் தாமான் வீட்டுக்குக் குடிவந்த குடும்பங்களோடு இந்தப் பேச்சும் சேர்ந்தே வந்துவிட்டது. இதை நம்பி மருமகளைத் தாய்வீட்டுக்கு அனுப்பியவர்கள் உண்டு. மகனுக்கு வேறு பெண் பார்த்தவர்களும் உண்டு. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது தவறான பேச்சு.

பெண்ணின் கருப்பைக்கு இருபுறமும் இரண்டு சினைப்பைகள் இருக்கின்றன. ஓவரி என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். மாதத்துக்கு ஒரு முட்டை, பெரும்பாலும் ஏதாவது ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே வெளிவரும். இந்த மாதம் வலது, அடுத்த மாதம் இடது என்று முறை வைத்துக்கொண்டு அவை வேலை செய்வதில்லை. ஒன்றை எடுத்துவிட்டால் மற்றது ஏறக்குறைய ஒவ்வொரு மாதமும் அந்த வேலையைச் செய்கிறது. ஆகவே வாய்ப்பு பாதியாகக் குறைந்துவிடும் என்ற கணக்கு சரியல்ல. மாதவிலக்கு ஒழுங்காக வந்துகொண்டிருந்தால், முட்டையும் வெளிவருகிறது என்பதற்கு அது நல்ல அடையாளம்.

இருப்பைப் பாருங்கள். ஒரு பெண் வயதுக்கு வரும்போது இரண்டு சினைப்பைகளிலுமாகச் சுமார் 3 லட்சம் முட்டைக் கருக்கள் இருக்கும். அவள் ஆயுளில் முதிர்ந்து வெளிவருவதோ ஏறத்தாழ 400 மட்டுமே. ஒரு பக்கம் போனாலும் மிச்சம் ஏராளம். ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. ஒரு சினைப்பை உள்ளவர்களுக்கு மாதவிலக்கு நிற்கும் காலம் ஓராண்டு அளவு முன்னதாக வரக்கூடும்.

இன்னொரு சந்தேகம். வலது சினைப்பை இருக்கிறது, வலது கருக்குழாய் அடைபட்டிருக்கிறது என்றால் என்ன செய்வது? எதிர்ப்பக்கக் குழாய் வளைந்து வந்து முட்டையை எடுத்துக்கொள்வது உண்டு. ஒரு பக்கம் சினைப்பையும் மறுபக்கம் குழாயும் மட்டுமே உள்ள பெண்கள் இயற்கையாகவே கருத்தரித்திருக்கிறார்கள். அதேபோல, வலது பக்கம் ஆண் பிள்ளைக்கு, இடது பக்கம் பெண் பிள்ளைக்கு என்பதும் வெறும் பேச்சுத்தான். ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது கணவனின் விந்தணு. ஒரு பக்கத்தை எடுத்ததால் ஆண் வாரிசு போய்விட்டது என்று புலம்பும் மாமியார்கள் இதைக் கொஞ்சம் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

சினைப்பையை எடுப்பதும் இன்று நேற்று வந்ததல்ல. 1809ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் கெண்டக்கியில் ஜேன் டாட் கிராஃபோர்ட் என்ற பெண்மணி வயிற்றில் பெரிய கட்டியோடு 60 மைல் தூரம் குதிரையில் பயணம் செய்து எஃப்ரைம் மெக்டோவல் என்ற டாக்டரிடம் போனார். மயக்க மருந்து இல்லாத காலம். எடுத்த சினைப்பைக் கட்டி ஏறத்தாழ 10 கிலோ. அதன் பிறகு அந்த அம்மையார் இன்னும் 32 ஆண்டுகள் உயிரோடு இருந்தார். ஒரு பக்கத்தை எடுத்துவிட்டால் உடம்பு பாழ் என்பவர்களுக்கு இதை நினைவூட்டலாம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். எத்தனை சினைப்பை இருக்கிறது என்பதைவிட, மற்றதை ஏன் எடுத்தார்கள் என்பதே பெரிய கேள்வி. டெர்மாய்டு போன்ற சாதாரணக் கட்டியாலோ, சினைப்பை முறுக்கிக்கொண்டதாலோ எடுத்திருந்தால், மீதியிருப்பது பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். பழைய இரத்தம் தேங்கிய சாக்லெட் கட்டி என்றால் கதை வேறு. அந்த நோய் மறுபக்கத்தையும் குழாய்களையும் தொட்டிருக்கலாம். புற்றுக்காக எடுத்திருந்தால், எப்போது கருத்தரிக்கலாம் என்பதைச் சிகிச்சை அளித்த நிபுணரிடம்தான் கேட்க வேண்டும்.

நம் பெண்களைக் கேட்டால், "கட்டி எடுத்தாங்க" என்பதோடு பேச்சு நின்றுவிடும். கட்டியை மட்டும் எடுத்தார்களா, சினைப்பையோடு எடுத்தார்களா, குழாயும் போயிற்றா? தெரியாது. கையெழுத்துப் போட்டது கணவரோ அண்ணனோ. காகிதம் அலமாரியில் எங்கேயோ. தாய்மார்களே, அந்தக் காகிதத்தைத் தேடி எடுங்கள். இல்லையென்றால் அறுவை சிகிச்சை நடந்த மருத்துவமனையிலேயே மருத்துவ அறிக்கைக்கு விண்ணப்பம் செய்யலாம். அது கையில் இல்லாமல் எந்த டாக்டரும் உங்களுக்குச் சரியான பதில் சொல்ல முடியாது.

அடுத்தது காலம். 35 வயதுக்குள் இருந்தால் ஓராண்டு முயற்சி செய்து பார்க்கலாம். 35ஐத் தாண்டியிருந்தால் ஆறு மாதம் போதும். அதற்கு மேல் வேண்டுதல் மட்டும் போதாது, பரிசோதனையும் வேண்டும். சாக்லெட் கட்டி இருந்தவர்களும் மாதவிலக்கு தவறுபவர்களும் அவ்வளவு காலமும் காத்திருக்கக் கூடாது. போகும்போது கணவரையும் அழைத்துப் போங்கள். பிள்ளையில்லாத தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆண் பக்கக் குறையும் சேர்ந்திருக்கிறது. விந்துப் பரிசோதனை வலியில்லாதது, செலவு குறைந்தது. மனைவிக்கு ஒரு சினைப்பை என்று தெரிந்தவுடன் கணவரைச் சோதிக்காமலேயே விட்டுவிடுவது நம்மிடையே உள்ள பெரிய அநியாயம்.

நீரிழிவையும் சொல்லியாக வேண்டும். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். கருத்தரிக்கும் முன்பே சர்க்கரையைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபோலிக் அமில மாத்திரையையும் முன்கூட்டியே தொடங்குங்கள்.

எங்கே போவது? முதலில் பக்கத்துக் கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போய்க் கடிதம் வாங்குங்கள். சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனையிலும், கோலப்பிலா துவாங்கு அம்புவான் நஜிஹா மருத்துவமனையிலும் மகப்பேற்று நிபுணர்கள் இருக்கிறார்கள். சோதனைக்குழாய் முறை தேவைப்பட்டால், ஒரு சினைப்பையிலிருந்து முட்டைகள் குறைவாகக் கிடைக்கலாம். அதற்காகக் கைவிட வேண்டியதில்லை. இந்தச் சிகிச்சைக்கு ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுக்க 2020ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில் வழி செய்யப்பட்டது.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. ஒரே சினைப்பை உள்ள பெண்ணுக்குத் திடீரென்று அடிவயிற்றில் ஒரு பக்கம் கடும் வலி வந்து, வாந்தியும் சேர்ந்தால், இருக்கும் அந்த ஒன்று முறுக்கிக்கொண்டிருக்கலாம். உதிரிப்பழம் பொறுக்கி முடித்துவிட்டுப் போகலாம், வயிற்றை உருவிவிட்டால் சரியாகும், காலையில் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். சீக்கிரம் போனால் முறுக்கைப் பிரித்துச் சினைப்பையைக் காப்பாற்ற முடியும். நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். உள்ளே நுழைந்ததும், "எனக்கு ஒரு சினைப்பைதான் இருக்கிறது" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.