ஆசனமும் அவசரமும்

சென்ற மாதம் ஒரு நாள் காலையில் நான் பத்மாசனம் போட்டேன். போட்டதில் பெரிய கஷ்டம் ஒன்றும் இல்லை. வலது பாதத்தை இரு கைகளாலும் பிடித்து இடது தொடைமேல் ஏற்றினேன். பிறகு இடது பாதத்தையும் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். முழங்காலுக்குள் 'கிளுக்' என்று ஒரு சப்தம் கேட்டது. ஆசனத்தைப் பிரிப்பதற்குத்தான் என் மனைவி, மகன், பக்கத்து வீட்டுக்காரர் ஆகிய மூவருடைய ஒத்தாசையும் தேவையாயிருந்தது.

"ஐம்பத்திரண்டு வயதில் உங்களுக்கு ஏன் இந்த வேலை?" என்றாள் மனைவி. கைப்பேசியில் ஒரு பையன் இதே ஆசனத்தைச் சிரித்துக்கொண்டே போட்டான் என்று நான் சொன்ன சமாதானம் எடுபடவில்லை.

வைத்தியர் முழங்காலை அப்படியும் இப்படியும் அசைத்துப் பார்த்துவிட்டு, "நல்ல வேளை, ஜவ்வு கிழியவில்லை. மூன்று வாரத்துக்குச் சம்மணம் கூட வேண்டாம்" என்றார். பிறகு, "ஸார், இந்த வலி யோகத்தால் வந்ததல்ல, அவசரத்தால் வந்தது" என்று ஒரு வார்த்தை சொன்னார். அந்த வார்த்தையைப் பற்றி மூன்று வாரம் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்ததன் பலன்தான் இந்தக் கட்டுரை.

ஐக்கிய நாடுகள் சபை 2014-ஆம் வருஷக் கடைசியில் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. அதன்படி 2015 முதல் ஜூன் 21-ஆந் தேதி சர்வதேச யோகா தினமாகக் கொண்டாடப்பட்டு வருகிறது. நம் தேசத்து வித்தையை உலகம் முழுவதும் கற்றுக்கொள்வது நமக்குப் பெருமைதான். ஆனால் பெருமை முழங்காலைக் காப்பாற்றாது என்பதை நான் அனுபவத்தில் கண்டேன். பதஞ்சலி முனிவர் ஆசனத்துக்குச் சொல்லும் லட்சணங்கள் இரண்டே: அது நிலையாக இருக்க வேண்டும், சுகமாக இருக்க வேண்டும். பல்லைக் கடிக்க வேண்டும் என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

ஆட்டுக்கல்லும் கதவுக் கீலும்

நம்முடைய இடுப்பு மூட்டு ஆட்டுக்கல்லின் குழியில் குழவி சுழல்வது போல எல்லாப் பக்கமும் திரும்பக்கூடியது. முழங்கால் மூட்டோ கதவின் கீலைப் போன்றது. மடங்கும், நீளும், திருகுவதற்கு அதற்கு அதிக இடம் கிடையாது. பத்மாசனத்தில் கால் திரும்ப வேண்டியது இடுப்பிலே. இடுப்பு திரும்ப மறுக்கும்போது பாதத்தைக் கையால் இழுத்தால், அந்தத் திருகல் முழுவதும் முழங்காலில் போய் விழுகிறது. அங்கே இரண்டு எலும்புகளுக்கு நடுவில் பிறை வடிவமான குருத்தெலும்பு மெத்தைகள் இரண்டு இருக்கின்றன. மடங்கிய முழங்காலைத் திருகினால் அவை நசுங்கும். சில சமயம் கிழிந்தும் போகும்.

இடுப்புக் குழியின் ஆழமும் அது பார்க்கும் திசையும் பிறப்பிலேயே ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன. ஆகையால் எத்தனை வருஷம் பழகினாலும் சிலருக்குப் பத்மாசனம் வராது. அது அவர்கள் குற்றமல்ல. அதனால் யோகத்தின் பலன் குறைந்துவிடப் போவதும் இல்லை.

நாடாக் கட்டில்

தசை நீண்டு சுருங்கும் இயல்புடையது. இரத்த ஓட்டம் தாராளமாக உள்ளபடியால், சிறு காயம் பட்டாலும் விரைவில் ஆறும். ஆனால் எலும்போடு எலும்பைப் பிணைக்கும் நார்களின் கதை வேறு. அவற்றுக்கு இரத்த ஓட்டம் குறைவு. நாடாக் கட்டிலில் நாடா ஒரு முறை தொய்ந்துவிட்டால் தானாக மறுபடி முறுக்கேறுமா? அதுபோலவே அளவு மீறி இழுபட்ட நாரும் பழைய பிடிப்புக்குத் திரும்புவது அரிது.

வெடுக்கென்று இழுக்கப்படும் தசை, தன்னைக் காத்துக்கொள்ள எதிர்த்துச் சுருங்கும். ஆகவே குலுக்கிக் குலுக்கிக் குனிவது வீண் பிரயாசை. மெதுவாகக் குனிந்து, அரை நிமிஷம் அமைதியாக மூச்சு விட்டுக்கொண்டு இருந்தால் அந்த எதிர்ப்பு தணியும். இன்னொரு விஷயமும் கவனிக்கத் தக்கது. முதல் சில வாரங்களில் உடம்பு வளைவது பெரும்பாலும் தசை நீண்டுவிட்டதால் அல்ல. இழுப்பைப் பொறுத்துக்கொள்ள நரம்புகள் பழகிவிடுவதால். 'வந்துவிட்டது' என்று தோன்றும் சமயத்தில்தான் அதிக ஜாக்கிரதை வேண்டும்.

வளைகிறவர்களுக்கும் ஆபத்து உண்டு

என் தங்கை மகள் எனக்கு நேர் விரோதம். முழங்காலை மடக்காமல் குனிந்து உள்ளங்கை இரண்டையும் தரையில் பதிப்பாள். கட்டை விரலை மணிக்கட்டுப் பக்கம் மடக்கி முன்கையைத் தொடுவாள். வகுப்பில் எல்லோரும் அவளைப் புகழ்ந்தார்கள். ஆறு மாதத்தில் தோள் வலி என்று வந்து நின்றாள்.

இத்தகையவர்களுக்கு மூட்டுக்கட்டுகள் இயல்பாகவே தளர்ந்திருக்கும். ஆண்களைவிடப் பெண்களிடம் இது அதிகம். சுண்டு விரல், கட்டை விரல், முழங்கை, முழங்கால், முதுகு ஆகியவற்றின் வளைவைப் பார்த்து வைத்தியர்கள் ஒன்பதுக்கு மார்க் போடுகிறார்கள். பெரியவர்களில் ஐந்தோ அதற்கு மேலோ வாங்குகிறவர்கள் தேறியவர்கள் அல்லர், எச்சரிக்கை செய்யப்பட்டவர்கள்! இவர்களுக்கு வேண்டியது மேலும் வளைவதல்ல, தசைப் பலம். முழங்கை, முழங்கால்களைக் கடைசி எல்லை வரை நீட்டிப் பூட்டாமல், சற்று முன்னதாகவே நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மகா நிபுணர்களுக்கும் இந்த அனுபவம் உண்டு. பி. கே. எஸ். ஐயங்கார் (1918–2014) இளமையில் மைசூரில் குருவின் கட்டளைப்படி, பழக்கமில்லாத ஹனுமானாசனத்தைச் செய்து காட்டியதில் தொடையின் பின்தசை கிழிந்து நெடுநாள் அவதிப்பட்டதைத் தாமே சொல்லியிருக்கிறார். பிற்காலத்தில் புனாவில் மரக்கட்டை, கச்சை, கம்பளி, நாற்காலி எல்லாவற்றையும் ஆசனத்துக்குத் துணையாகக் கொண்டுவந்து பிரசித்தி பெறச் செய்தவரும் அவரே.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

வைத்தியர் சொன்னவற்றில் முக்கியமானவற்றை இங்கே தருகிறேன்.

படுக்கையிலிருந்து எழுந்ததும் குனியாதீர்கள். இரவு முழுவதும் படுத்திருந்த முதுகெலும்பின் தட்டுகள் அப்போது நீர் ஏறி உப்பியிருக்கும். அரை மணியாவது நடமாடிவிட்டுத் தொடங்குங்கள்.

தசையின் நடுவில் உண்டாகும் இழுப்பு நல்லது. மூட்டுக்குள் சுருக்கென்று குத்தும் வலி, உட்காரும்போது தரையில் படும் எலும்பின் அருகே வலி, மரத்துப் போதல் ஆகிய மூன்றும் 'நிறுத்து' என்று உடம்பு இடும் உத்தரவு.

குனியும்போது முதுகைக் கூனாமல் இடுப்பிலிருந்து குனியுங்கள். முழங்கால் சற்று மடங்கினால் பாதகமில்லை. எலும்பு தேய்ந்த வயோதிகர்கள் முதுகைக் கூனும் ஆசனங்களையும் பலமாக முறுக்கும் ஆசனங்களையும் விலக்க வேண்டும்.

சிரசாசனம் ஆரம்பப் பாடமல்ல. தலையை மாத்திரம் தாங்கப் பழகிய கழுத்து, உடம்பையே தாங்க வேண்டி வருகிறது. அந்த நிலையில் கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. கண்ணழுத்த நோய், இரத்தக் கொதிப்பு, கழுத்து வியாதி உள்ளவர்கள் அதன் பக்கமே போகக்கூடாது.

ஆசிரியர் முதுகை அழுத்தி வளைக்க வந்தால், "வேண்டாம்" என்று சொல்வது மரியாதைக் குறைவல்ல. வலியை அறிகிறவர் நீங்கள், அவரல்ல.

மூன்று வாரம் கழிந்தது. இப்போது கம்பளியை நான்காக மடித்துப் போட்டு அதன்மேல் சம்மணமிட்டு உட்காருகிறேன். முழங்கால் ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு தலையணை. "அப்பா, பத்மாசனம் எப்போது?" என்று மகன் தினம் கேட்கிறான்.

"இடுப்பைக் கேட்டிருக்கிறேன், பதில் வரட்டும்" என்று சொல்லியிருக்கிறேன்.