வளர்ந்தோருக்கான அறுவையற்ற தாடைப் பிறழ்வுச் சீரமைப்பு

வளர்ந்தோருக்கான அறுவையற்ற தாடைப் பிறழ்வுச் சீரமைப்பு என்பது, மேல்தாடையும் கீழ்த்தாடையும் ஒன்றோடொன்று பொருந்தாதவர்களுக்குத் தாடை எலும்பை வெட்டாமல், பற்களை நகர்த்திக் கடியைச் சரிசெய்யும் பல்சீரமைப்பு மருத்துவ முறையாகும். எலும்பில் உள்ள பிறழ்வு பெரும்பாலும் அப்படியே இருக்க, பற்கள் அதனை ஈடுசெய்யுமாறு அமைக்கப்படுவதால் இது மறைப்புச் சிகிச்சை எனவும் அழைக்கப்படுகின்றது. வளரும் பருவத்தினரில் தாடையின் வளர்ச்சியை ஓரளவு நெறிப்படுத்தும் கருவிகள் பயன்படுகின்றன. வளர்ச்சி முடிந்தவர்களில் அவற்றால் அத்தகைய பயன் கிடைப்பதில்லை.

பிறழ்வின் வகைகள்

அமெரிக்கப் பல் மருத்துவர் எட்வர்ட் ஆங்கிள் 1899 ஆம் ஆண்டில் பற்கடியை மூன்று வகுப்புகளாகப் பிரித்தார். முதல் வகுப்பில் கடைவாய்ப்பற்கள் சரியாகப் பொருந்தியிருக்கும். பிற பற்களே ஒழுங்கற்று இருக்கும். இரண்டாம் வகுப்பில் கீழ்ப்பற்கள் பின்தள்ளியும், மூன்றாம் வகுப்பில் முன்தள்ளியும் அமைந்திருக்கும்.

இவ்வகைப்பாடு பற்களின் உறவையே காட்டுகிறது. குறை பல்லிலா தாடையிலா என்பதை அறிய எலும்பையும் அளக்க வேண்டும். 1931 இல் அமெரிக்காவில் பிராட்பென்ட், செருமனியில் ஓஃப்ராத் ஆகியோர் தனித்தனியே வெளியிட்ட தலை அளவீட்டு எக்சு-கதிர்ப்பட முறை இதற்கு வழிவகுத்தது.

பற்கள் நகரும் விதம்

பல்லின் வேர், மெல்லிய இணைநார்களால் எலும்புக் குழியில் பிணைக்கப்பட்டுள்ளது. பல்லின் மீது மென்மையான விசை தொடர்ந்து செயற்படும்போது, அழுத்தப்படும் பக்கத்தில் எலும்பு அரிக்கப்படுகின்றது. இழுபடும் பக்கத்தில் புதிய எலும்பு உருவாகின்றது. இச்செயல் வளர்ந்தோரிலும் நடைபெறும். ஆதலால் முதிர்ந்த வயதிலும் பற்களை நகர்த்த முடியும். பல் பொதுவாக மாதத்திற்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் நகர்கிறது. சிகிச்சை ஆண்டுக்கணக்கில் நீள்வதற்கு இதுவே காரணமாகும்.

சிகிச்சை முறைகள்

* இரண்டாம் வகுப்பு: மேல்தாடையில் இருபுறமும் ஒவ்வொரு முன்கடைவாய்ப்பல்லை அகற்றி, அவ்விடைவெளியில் முன்பற்களைப் பின்னிழுப்பது பரவலான முறையாகும்.
* மூன்றாம் வகுப்பு: கீழ் முன்பற்கள் உட்புறமாகவும் மேல் முன்பற்கள் வெளிப்புறமாகவும் சாய்க்கப்படுகின்றன. சிலருக்குக் கீழ்த்தாடையில் பற்கள் அகற்றப்படும்.
* திறந்த கடி: வாயை மூடினாலும் முன்பற்கள் ஒன்றையொன்று தொடாத நிலை இது. மேல் கடைவாய்ப்பற்களை எலும்பினுள் சற்று அழுத்தினால், கீழ்த்தாடை மேல்நோக்கியும் முன்நோக்கியும் சுழன்று வாய் மூடுகின்றது. இதில் எலும்பை வெட்டாமலேயே தாடையின் நிலை ஓரளவு மாறுகிறது.

பேச்சுவழக்கில் கிளிப் எனப்படும் பற்கம்பிகள், இரப்பர் வளையங்கள், கழற்றி மாட்டக்கூடிய ஒளிபுகும் நெகிழி உறைகள் ஆகியவை இதற்குப் பயன்படுகின்றன. ஒரு பல்லை இழுக்கும் விசை, பிடிமானமாக உள்ள பல்லையும் எதிர்த்திசையில் நகர்த்தும். இதனைத் தவிர்க்க, ஏறத்தாழ 1.2 முதல் 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு திருகாணிகள், அவ்விடத்தை மட்டும் மரக்கச் செய்து எலும்பில் பொருத்தப்படுகின்றன. சிகிச்சை முடிந்ததும் அவை அகற்றப்படும். சில வேளைகளில் அவை இடையிலேயே தளர்ந்துவிடுவதும் உண்டு.

எல்லைகள்

முன்பற்களைத் தாங்கும் எலும்பு மெல்லியது. அதன் எல்லையைக் கடந்து பற்களை நகர்த்தினால் ஈறு கீழிறங்கி வேர் வெளித்தெரியலாம். வேரின் நுனி தேய்ந்து குறுகவும் கூடும். ஈறு நோய் உள்ளவர்களுக்கு முதலில் அதனைக் குணப்படுத்துவது இன்றியமையாதது.

மறைப்புச் சிகிச்சையால் சிறிய தாடை பெரிதாவதில்லை. பின்தங்கிய முகவாய் பெரும்பாலும் அவ்வாறே இருக்கும். மேல்பற்களை மிகுதியாகப் பின்னிழுத்தால் மேலுதடு உள்வாங்கி, மூக்கு எடுப்பாகத் தோன்றக்கூடும். மிகுந்த பிறழ்வு, முகத்தின் இரு பக்கங்களும் பெரிதும் ஒவ்வாத நிலை ஆகியவற்றிற்கு அறுவை மருத்துவமே பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகின்றது.

அறுவை மருத்துவத்துடன் ஒப்பீடு

தாடைப் பிறழ்வு உள்ளவர்களின் பற்கள், பிறழ்வை ஈடுசெய்யும் வகையில் இயற்கையாகவே சாய்ந்திருப்பதுண்டு. மறைப்புச் சிகிச்சை இச்சாய்வை மேலும் கூட்டுகிறது. அறுவைக்கு முந்தைய பல்சீரமைப்போ, தாடையை நகர்த்த இடம் கிடைக்கும்படி இச்சாய்வை நீக்குகிறது. அதனால் கடி தற்காலிகமாக மேலும் மோசமாகத் தோன்றும். இவ்விரு வழிகளும் எதிர்த்திசைகளில் செல்வன. ஒன்றைத் தொடங்கிய பின்னர் மற்றொன்றிற்கு மாறினால், நகர்த்திய பற்களை மீண்டும் திருப்பி நகர்த்த வேண்டியிருக்கும். அகற்றிய பல்லோ திரும்பாது. எனவே எவ்வழி என்பது சிகிச்சையின் தொடக்கத்திலேயே, நோயாளியின் முதன்மைக் குறை கடியா, முகத்தோற்றமா என்பதையும் கருதி முடிவு செய்யப்பட வேண்டும்.

சிகிச்சைக்குப் பின்

நகர்த்தப்பட்ட பற்கள் பழைய நிலைக்குத் திரும்ப முயலும் தன்மை உடையவை. இதனைத் தடுக்க, கழற்றக்கூடிய தக்கவைப்புக் கருவியோ பற்களின் உட்புறத்தில் ஒட்டப்படும் மெல்லிய கம்பியோ நீண்ட காலம் பயன்படுத்தப்படுகின்றது.