ரப்பர் தோட்டத்தில் உருவான கட்டடக் கலைஞர்

சென்னையில் கோபாலபுரத்திலிருந்து அண்ணா சாலையைத் தாண்டி பின்னி சாலைக்குள் நுழைந்தால் கன்னிமாரா ஹோட்டல். 1970களில் அதைப் புதுப்பித்துக் கொடுத்தவர் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா. மதுரை கிளப்பும் அவர் கைவண்ணம்தான். வழக்கறிஞராகப் படித்தவரைக் கட்டடக் கலைப் பக்கம் திருப்பியது ஒரு பழைய ரப்பர் தோட்டம்.

தொடங்கி வைத்தவர் பத்து வயது மூத்த அண்ணன் பெவிஸ். தந்தை பெஞ்சமின் கொழும்பில் பெயர் பெற்ற வழக்கறிஞர். ஒரு வழக்கில் வந்த பணத்தில் வாங்கியதால்தான் அளுத்கமைக்கு அருகிலுள்ள அவர்கள் ரப்பர் தோட்டத்துக்கு ‘பிரீஃப்’ என்று பெயர் வந்தது என்பார்கள். 1929இல் அது பெவிஸ் பொறுப்புக்கு வந்தது. ஆறரை அடிக்கு மேல் உயரம், ஆளுநர்களுக்கு ஏ.டி.சி. எனும் உதவி அதிகாரி உத்தியோகம். கிடைத்த ஓய்விலெல்லாம் ரப்பர் மரங்களை வெட்டிப் பூந்தோட்டம் போட்டார். பிறகு, ஊராருக்குத் தோட்டம் அமைத்துக் கொடுப்பதையே தொழிலாக்கிக்கொண்டார்.

தம்பி கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியமும் லண்டனில் சட்டமும் படித்துவிட்டு வந்தார். கோர்ட் பிடிக்கவில்லை. 1948இல் பெந்தோட்டைக்கு அருகே, தெத்துவ ஏரிக்கரையில் லுணுகங்கை என்ற தோட்டத்தை வாங்கினார். டச்சுக்காரர் காலத்தில் கறுவாத் தோட்டம், ஆங்கிலேயர் காலத்தில் ரப்பர் தோட்டம். அங்கே ஓர் இத்தாலியத் தோட்டத்தை எழுப்ப நினைத்தார்.

பங்களாவின் வாசலை எதிர்ப்பக்கம் திருப்பினார். வீட்டிலிருந்து ஏரியும், அக்கரையில் உள்ள பௌத்தத் தாதுகோபமும் தெரிய வேண்டும் என்பதற்காக இடையே நின்ற குன்றின் உச்சியைச் சீவினார். நடுவே குறுக்கிட்ட ஊர்ப்பாதையைப் பள்ளத்தில் இறக்கி, கண்ணுக்குத் தெரியாமல் செய்தார்.

ஆசை இருந்தது, தொழில்நுட்பம் தெரியவில்லை. கொழும்பில் ஒரு கட்டடக் கலை நிறுவனத்தில் தொழில் பழகுநராகச் சேர்ந்தார், மறுபடி லண்டன் போய்ப் படித்தார். 1957இல் தகுதி பெற்றபோது வயது 38. கோட்டே நகரில் 1982இல் திறக்கப்பட்ட இலங்கை நாடாளுமன்றம் அவர் வடிவமைத்ததே. வெயிலும் மழையும் உள்ளே வரும் முற்றம், சாய்ந்த ஓட்டுக்கூரை, மரத்துக்கு வழிவிடும் சுவர் என்று பிற்காலத்தில் அவர் கட்டியவற்றுக்கெல்லாம் ஒத்திகை நடந்த இடம் லுணுகங்கை.

பெவிஸ் 1992இலும் ஜெஃப்ரி 2003இலும் மறைந்தார்கள். இருவரும் மணம் முடிக்கவில்லை. லுணுகங்கையை இப்போது அறக்கட்டளை நடத்துகிறது, விருந்தினர்கள் தங்கலாம். பிரீஃப் தோட்டத்தைச் சீட்டு வாங்கிக்கொண்டு சுற்றிப் பார்க்கலாம். ஒரு காலத்தில் ரப்பர் பால் தந்த நிலங்கள் இன்று பிழைப்பது அறை வாடகையிலும் நுழைவுக் கட்டணத்திலும்தான்.