பிள்ளையின் வேகக் காரும் ட்ராக் டேயும்: சாவியைக் கொடுக்குமுன் ஒரு கணக்கு

சென்ற கோடையில் ஒரு மாலை, எங்களுக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று தடித்த கோப்போடு எங்கள் அலுவலகப் படியேறி வந்தது. தகப்பனுக்குப் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. மகனுக்கு வயது 23, நல்ல உத்தியோகம், மாதக் கட்டணத்தில் எடுத்த ஜேர்மன் வேகக் கார். அந்தக் காரை அவன் ஒரு பந்தயப் பாதைக்குக் கொண்டுபோய், காசு கட்டி உள்ளே ஓடியிருக்கிறான். மழை ஈரம் காயாத வளைவில் கார் வழுக்கித் தடுப்பில் அடித்தது. பிள்ளைக்குக் கீறல்கூட இல்லை. காரோ திருத்த முடியாத நிலை. காப்புறுதி நிறுவனம் ஒரு பக்கக் கடிதத்தோடு கையை விரித்துவிட்டது. கடன் கொடுத்த நிறுவனத்துக்கு இன்னும் 27 ஆயிரம் பவுண்டுகளுக்கு மேல் கட்டவேண்டியிருந்தது.

"அண்ணை, உவன் ரோட்டிலை ரேஸ் ஓடேல்லை. காசு கட்டி, கையெழுத்து வைச்சு, சட்டப்படிதானே உள்ளுக்குப் போனவன். பிறகேன் காசு தரமாட்டன் எண்டுறாங்கள்?"

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் தேடப் போய்த்தான் எங்கள் பிள்ளைகள் 'ட்ராக் டே' என்று சொல்லும் விடயத்தை நாங்களும் ஒழுங்காக அறிந்துகொண்டோம். ஹரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் ரூட்டிங்கிலும் எங்கள் வீடுகளுக்கு முன்னால் இப்போது ஹொண்டா சிவிக் டைப் ஆர், கோல்ஃப் ஜீ.ரீ.ஐ., பீ.எம்.டபிள்யூ. எம் வகைக் கார்கள் நிற்கின்றன. போதாததற்கு நடிகர் அஜித் குமார் தன் அணியோடு 2025 ஜனவரியில் துபாய் 24 மணிநேரப் பந்தயத்துக்குப் போனதில் இருந்து, அந்த ஆசை சில வீடுகளில் சாப்பாட்டு மேசைக்கே வந்துவிட்டது. பெற்றோருக்குத்தான் விளங்கவில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடிய ஒஸ்ரின் கேம்பிறிட்ஜைக் கண்டவர்கள் நாங்கள். கார் வீடு வந்து சேர்ந்தாலே பெரிய காரியம் என்றிருந்த காலம் அது.

ட்ராக் டே என்பது பந்தயம் அல்ல. வீதியில் ஓடும் சாதாரணக் காரை, கட்டணம் செலுத்தி, பந்தயப் பாதையில் விரும்பிய வேகத்தில் ஓடிப் பார்க்கும் நாள். வெற்றி தோல்வி இல்லை, பரிசு இல்லை. மணிக்கூடு பிடித்துச் சுற்று நேரம் அளப்பதைக்கூட ஏற்பாட்டாளர்கள் தடைசெய்வார்கள். நேரம் அளந்தால் அது போட்டியாகிவிடும், போட்டியானால் விதிகளும் காப்புறுதியும் வேறு.

வேகத்துக்குத் தனி இடம் ஒதுக்கும் எண்ணம் பிறந்ததே லண்டனுக்குப் பக்கத்தில்தான். 1903 ஆம் ஆண்டின் மோட்டார் கார் சட்டம் வீதியில் மணிக்கு 20 மைல் என்று எல்லை வைத்தது. பிரித்தானியக் கார் உற்பத்தியாளர்களுக்குத் தங்கள் வண்டிகளை வேகமாக ஓட்டிச் சோதிக்க இடமில்லாமல் போனது. ஹியூ லொக் கிங் என்ற நிலச்சொந்தக்காரர் சரே மாவட்டத்தில் வெய்பிரிட்ஜில் தன் சொந்தக் காணியில், தன் சொந்தச் செலவில், கொங்கிறீற்றில் சரிவான வளைவுகளோடு ஒரு பாதை கட்டினார். அதுதான் 1907 இல் திறந்த புரூக்லண்ட்ஸ், மோட்டார் பந்தயத்துக்கென்றே கட்டப்பட்ட உலகின் முதல் பாதை. அங்கும் அயலவர்கள் சத்தம் தாங்காமல் நீதிமன்றம் போக, 1920களில் கார்களுக்குச் சத்தம் அடக்கும் குழாய் கட்டாயமானது. இன்றும் ட்ராக் டேயில் முதலில் நடப்பது சத்தச் சோதனைதான். புகைக்குழாய்க்கு அரை மீற்றர் தள்ளி ஒலிமானியை வைத்து, எஞ்சினை முறுக்கச் சொல்லி அளப்பார்கள். எல்லையைத் தாண்டினால் காசைக் கட்டியவர் வீட்டுக்குத் திரும்பவேண்டியதுதான். புகைக்குழாயை மாற்றி, ஊரை எழுப்பிக்கொண்டு திரியும் தம்பிமார் இதைக் கவனிக்கவேண்டும்.

எங்கள் நாட்டிலும் இந்தக் கதை உண்டு. நுவரெலியாவில் மககஸ்தொட்ட மலையேற்றப் போட்டி 1934 இல் தொடங்கியது. சென்னைக்காரர் சோழவரத்தில் கைவிடப்பட்ட போர்க்கால விமான ஓடுபாதையில் ஓடிப் பழகி, 1990 இல் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தப் பாதை திறந்தார்கள். இங்கே சில்வர்ஸ்டோனும் போர்க்கால விமானத் தளம்தான்.

லண்டன்காரருக்குக் கிட்டிய பாதை, கென்ட்டில் ஏ20 வீதியோரம் இருக்கும் பிராண்ட்ஸ் ஹட்ச். 1964 இலிருந்து 1986 வரை பிரித்தானிய ஃபோர்முலா 1 பந்தயத்தை ஓராண்டு விட்டு ஓராண்டு நடத்திய இடம். கோயம்புத்தூர்ப் பிள்ளை நரேன் கார்த்திகேயன் 1999 இல் பிரித்தானிய ஃபோர்முலா 3 போட்டியில் வென்றதும் இங்கேதான். குறுகிய 'இண்டி' பாதை சுமார் 1.9 கிலோமீற்றர், நீண்டது அதைப்போல இரு மடங்கு. மற்றக் குடும்பங்களுக்கும் சொல்லலாமே என்று, கோப்போடு வந்த பையனையும் கூட்டிக்கொண்டு நாங்கள் ஒருநாள் அங்கே போனோம். தொடக்கக் கோட்டைத் தாண்டியதும் வரும் முதல் வளைவின் பெயர் படொக் ஹில். வளைவின் மறுபக்கம் கண்ணுக்குத் தெரியாது. கார் வலப்பக்கம் திரும்பும்போதே நிலம் கிணறு மாதிரிக் கீழே இறங்கும், பிறகு உடனே ட்ரூயிட்ஸ் கொண்டை வளைவுக்கு மேடேறும். தொலைக்காட்சியில் தட்டையாகத் தெரிவது நேரில் வயிற்றைப் பிரட்டும்.

காலையில் சாரதி அனுமதிப்பத்திரத்தைக் காட்டி, பொறுப்புத் துறப்புப் பத்திரத்தில் கையெழுத்திட்டு, கையில் பட்டி கட்டிக்கொள்வார்கள். பிறகு விளக்கக் கூட்டம். அதைத் தவறவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். மஞ்சள் கொடி என்றால் ஆபத்து, வேகத்தைக் குறை, முந்தாதே. சிவப்பு என்றால் நிதானமாகத் திரும்பி வா. கறுப்புக் கொடி உன்னைத்தான் கூப்பிடுகிறது, வந்து பேச்சு வாங்கு. முந்துவது குறிப்பிட்ட ஒரு பக்கத்தால் மட்டும், அதுவும் முன்னால் போகிறவர் வழிவிட்டால்தான். தலைக்கவசம் கட்டாயம், கை கால் மூடிய உடுப்பு வேண்டும். முதல் சில சுற்றுகள் அமைதியாக, முந்தாமல், பாதையைப் பார்த்துவர மட்டும். எ40 வீதியில் நடுச்சாமத்தில் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்து விளக்கடிக்கிறவர்களை நினைத்தால், இங்கே இருக்கிற ஒழுக்கம் எங்களுக்கு வியப்பாக இருந்தது.

ஆபத்து எங்கே இருக்கிறதென்றால், கார் தாங்குமா என்பதில். வேகம் இரண்டு மடங்கானால் பிறேக் விழுங்கவேண்டிய சக்தி நான்கு மடங்கு. 120 மைலில் இருந்து நிறுத்துவது, 60 மைலில் இருந்து நான்கு முறை நிறுத்துவதற்குச் சமன். இண்டி பாதையில் ஒரு சுற்றுக்கு ஒரு நிமிடம் அல்லது சற்றுக் கூட. ஆகவே இருபது நிமிடத்தில் அதே பிறேக் ஓய்வே இல்லாமல் பலமுறை வேகும். வீதியில் ஒரு வருடத்திலும் அப்படி நடக்காது. பிறேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. 'டொட் 4' தர எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் ஏறினால் அந்த எல்லை 155 பாகைக்கு இறங்கலாம். எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ் வரும், மிதி நேரே தரைக்குப் போகும், கார் நிற்காது. எனவே போகுமுன் எண்ணெயை மாற்றவேண்டும், பிறேக் கட்டைகளின் தடிப்பைப் பார்க்கவேண்டும். நாலைந்து சுற்றுக்கு ஒருமுறை ஒரு சுற்று மெதுவாக ஓடி ஆறவிடவேண்டும். நிறுத்திய பிறகு கைபிறேக்கை இழுக்கக்கூடாது, சுட்ட கட்டை தட்டோடு ஒட்டிக்கொள்ளும். அங்கே ஒரு விசித்திரம் பார்த்தோம். சுமார் ஒரு தொன் எடையுள்ள பழைய மஸ்டா எம்.எக்ஸ்-5 கார்கள் நாள் முழுக்கச் சளைக்காமல் ஓடின. அதைவிட அரைத் தொன்னுக்கு மேல் பாரமான, ஐந்து மடங்கு விலையான கார்கள் மதியத்துக்குள் பிறேக் மணக்க ஓரமாக நின்றன.

இனித் தகப்பனின் கேள்வி. இந்நாட்டில் பெரும்பாலான வீதிக் காப்புறுதிப் பத்திரங்களில், பந்தயம், வேகச் சோதனை, ட்ராக் டே ஆகியவற்றுக்குப் பொருந்தாது என்ற வரி இருக்கும். ஜேர்மனியின் நூர்பேர்க்ரிங்கைப் பெயர் சொல்லியே விலக்குகிற பத்திரங்களும் உண்டு. வீதிக் காப்புறுதி வீதிக்குத்தான். சில வருடங்கள் இந்த எல்லை ஆட்டம் கண்டது. சுலோவேனியாவில் ஒரு பண்ணையில் உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டி ஏணியில் இடித்து, வ்னுக் என்பவர் விழுந்து காயப்பட்டார். அந்த வழக்கில் 2014 இல் ஐரோப்பிய நீதிமன்றம், தனியார் நிலத்தில் ஓடும் வாகனத்துக்கும் கட்டாயக் காப்புறுதி வேண்டும் என்ற பொருள்படத் தீர்ப்பளித்தது. அதை அப்படியே நடைமுறைப்படுத்தினால் மோட்டார் விளையாட்டே மூடவேண்டி வரும் என்று இங்கே பயந்தார்கள். பிரெக்சிற்றுக்குப் பிறகு 2022 இல் தனிச் சட்டம் இயற்றி அந்தத் தீர்ப்பின் விளைவை நீக்கினார்கள். ஆகவே பந்தயப் பாதைக்குள் உங்கள் காருக்கு நீங்களே பொறுப்பு.

ட்ராக் டேக்கென்று ஒரு நாள் காப்புறுதி விற்கிறார்கள். அதிலும் முதல் இழப்பு எங்களுடையதுதான், பெரும்பாலும் கார் மதிப்பில் பத்து வீதமளவில். நாற்பதாயிரம் பவுண்டு காருக்கு அது நாலாயிரம். இயந்திரம் பழுதானால் பொதுவாக அதற்குப் பணம் வராது.

மாதக் கட்டணக் கார் என்றால் சிக்கல் இன்னும் ஆழம். பீ.சீ.பீ. என்ற முறையில் கடைசித் தொகையைக் கட்டும்வரை கார் பிள்ளையுடையது அல்ல, கடன்காரருடையது. ஒப்பந்தத்தில் பாவனைக்குக் கட்டுப்பாடு இருக்கும், வாசித்தவர்கள் குறைவு. 'காப்' காப்புறுதி இருக்கிறதே என்று அந்தக் குடும்பம் கடைசியாக நம்பியிருந்தது. முதற் காப்புறுதி பணம் கொடுத்தால்தான் மிச்ச இடைவெளியை அது நிரப்பும். முதலாவதே இல்லையென்றால் இரண்டாவதும் இல்லை.

கோப்பில் இன்னொன்றும் இருந்தது. எங்கள் சனம் கோபிக்கக்கூடாது. மாதக் காப்புறுதியைக் குறைக்கவென்று தகப்பனைப் பிரதான சாரதியாகவும், மகனை மேலதிக சாரதியாகவும் எழுதியிருந்தார்கள். வேலைக்குப் பேருந்தில் போகிற தகப்பன் வேகக் காரின் பிரதான சாரதி! இது எங்கள் சமூகத்தில் சாதாரணமாக நடக்கிறது, 'எல்லாரும் செய்யினம்' என்பார்கள். சட்டத்தின் கண்ணில் இது மோசடி. கண்டுபிடித்தால் பத்திரத்தையே செல்லாததாக்கலாம். பிறகு வீதியில் ஒருவருக்குக் காயம் பட்டாலும், கொடுத்த நட்டஈட்டை நிறுவனம் எங்களிடம் திருப்பிக் கேட்கலாம்.

இவ்வளவும் கேட்டபின் தாய் சொன்னார், "அப்ப இனி அந்தப் பக்கமே போகவேண்டாம்." எங்களுக்கு அதில் உடன்பாடு இல்லை. காரை வாங்கிக் கொடுத்துவிட்டு ஓடாதே என்றால் பிள்ளை வேறெங்கோ ஓடிப் பார்ப்பான். பொது வீதியில் போட்டி ஓடினால், 1988 ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டப்படி குறைந்தது 12 மாதம் அனுமதிப்பத்திரம் போகும். சோதனை சித்தியடைந்து இரண்டு வருடத்துக்குள் 6 புள்ளி சேர்ந்தால், அனுமதிப்பத்திரம் இரத்தாகி மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். ஆபத்தாக ஓடி ஓர் உயிர் போனால், 2022 ஜூன் 28 முதல் அதிகபட்சத் தண்டனை ஆயுள் சிறை. குடியுரிமை எடுக்காமல் நிரந்தர வதிவிடத்தோடு இருக்கும் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு அடி இருக்கிறது. 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றால், 2007 ஆம் ஆண்டுச் சட்டப்படி நாடுகடத்தல் நடவடிக்கை தானாகவே தொடங்கும். அகதிகளுக்கு விதிவிலக்கு உண்டென்றாலும் அதை வாதாடித்தான் பெறவேண்டும். எதை விட்டு ஓடிவந்தோமோ, அதற்கே திருப்பி அனுப்ப ஒரு வெள்ளிக்கிழமை இரவு போதும்.

இதோடு ஒப்பிட்டால் பந்தயப் பாதை மலிவு. கட்டணம் நாளையும் இடத்தையும் பொறுத்து நூற்றைம்பது பவுண்டிலிருந்து முந்நூறு வரை, அதற்கு மேலும். மாலை நேர அமர்வுகள் குறைவு. பெற்றோல், ரயர் தேய்மானம், பிறேக் எண்ணெய், ஒரு நாள் காப்புறுதி சேர்த்தால் முதல் நாளுக்கு ஐந்நூறு, அறுநூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பயிற்றுநரோடு ஓடும் கால் மணிநேரத்துக்கான காசை மட்டும் மிச்சம் பிடிக்கவேண்டாம். கடன் உள்ள காரை வீட்டில் விட்டுவிட்டு, நட்டப்பட்டாலும் தாங்கக்கூடிய பழைய காரையோ, அங்கேயே வாடகைக்கு எடுப்பதையோ ஓடட்டும்.

அன்று பையன் பயிற்றுநரோடு வாடகைக் காரில் ஓடினான். இறங்கி வந்து தகப்பனிடம், "அப்பா, நான் அண்டைக்கு பிறேக் பிடிச்சதே பிழையான இடத்திலை" என்றான். தகப்பன் பதில் சொல்லவில்லை, தேநீரை நீட்டினார். கடனை அவர்கள் நான்கு வருடத்தில் கட்டி முடிப்பதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

திரும்பும் வழிக்கும் ஒரு வார்த்தை. ரயர்ப் பள்ளங்களின் ஆழம் 1.6 மில்லிமீற்றருக்குக் கீழே தேய்ந்திருந்தால், வந்த காரிலேயே வீடு திரும்புவது குற்றம், பார்த்துவிட்டு ஏறுங்கள். நூறுக்கு மேல் ஓடிய கண்ணுக்கு எழுபது நடை மாதிரித் தெரியும், அதனால் ஓடாத ஒருவர் சாரதியாக இருந்தால் நல்லது. அன்று மாலை தகப்பன்தான் ஓட்டினார். டார்ட்ஃபோர்ட் சுரங்கப்பாதைக்கு முன்னால் எம்25 அடைபட்டுக் கிடந்தது. முக்கால் மணிநேரம் பத்து மைல் வேகத்துக்கு மேல் முள் ஏறவில்லை.