தணிதலும் தணித்தலும்

கடவுளின் சினத்தைப் பற்றிய திருமறைப் பகுதிகளை விளக்க முற்படும் அருட்பணியாளர், ஆங்கில விளக்கவுரைகளில் அடிக்கடி எதிர்கொள்ளும் வினைச்சொற்களுள் 'அப்பீஸ்' என்பது ஒன்று. சமாதானம் எனப் பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லினின்று பிறந்த இவ்வினை, அமைதிப்படுத்துதல், பசியாற்றுதல், விட்டுக்கொடுத்து வாயடக்குதல் எனப் பல பொருள்களை ஏற்றுள்ளது. 1938இல் செக்கோஸ்லோவாக்கியாவின் ஒரு பகுதியை ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்த மியூனிக் உடன்படிக்கைக்குப் பின், இறுதியிற் கூறிய பொருளே அரசியலில் மேலோங்கிற்று. இவ்வினையைத் தமிழில் 'தணி' எனப் பெயர்க்கிறோம். அவ்வாறு பெயர்க்கையில் கடவுளைப் பற்றி நாம் கூறுவது யாது?

சொல்லின் பரப்பு

'தண்' என்னும் குளிர்ச்சிப் பொருளுள்ள அடியோடு உறவுடையது 'தணி'. தாகம், பசி, காய்ச்சல், சினம் யாவும் தணியும். மெல்லிய குரலும் தணிந்த குரலே. இதனோடு ஒத்த சொற்கள் பல உளவெனினும் அவை ஒன்றல்ல. ஆறுதல் காலத்தால் நிகழ்வது. புண் ஆறும், சோறு ஆறும். அடங்குதல் மேலான ஓர் ஆற்றலுக்கு உட்படுவது. ஓய்தல் வலிமை செலவழிந்து நிற்பது. தணிதலோ, வெம்மை குறைந்து தண்மை எய்துவது.

இவ்வினை ஓரெழுத்து வேறுபாட்டால் இருவகைப்படும். 'தணிந்தான்' என்பது தன்வினை. 'தணித்தான்' என்பது பிறவினை. முன்னதில் சினமுற்றவனே தணிகிறான். பின்னதில் வேறொருவன் செயலாற்றுகிறான்.

குன்றும் சொல்லும்

நம் நாட்டில் இவ்வினை ஓர் ஊரின் பெயராகவே நிலைபெற்றுள்ளது. சூரபன்மனோடு புரிந்த போருக்குப்பின் முருகன் சினம் தணிந்து அமர்ந்த இடம் திருத்தணி என்பது மரபு. செருத்தணி என்ற பெயருக்கும் போரின் சினம் தணிந்த இடம் என்றே பொருள் கூறுவர். பிற முருகன் கோவில்களில் கந்த சஷ்டியின்போது சூரசம்மாரம் நடைபெற, இங்கோ அது நிகழ்த்தப்படாது மலர் வழிபாடே நடைபெறுகிறது. அம்மரபில் வினை தன்வினையாகவே நிற்பது நோக்கத்தக்கது.

1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று ஆந்திரத்தினின்று சென்னை மாநிலத்தோடு இணைக்கப்பட்ட இவ்வூரில் தெலுங்கும் வழங்குகிறது. தெலுங்கில் இதற்கு இனமான 'தனிவி' என்னும் சொல் மனநிறைவைக் குறிக்கும். எல்லைக்கு அப்பால் குளிர்ச்சி நிறைவாகிறது.

திருமறையின் வழக்கு

எஸ்தர் 7:10இல் அரசனின் சினம் தணிந்ததைக் குறிக்கும் 'ஷாகக்' என்னும் எபிரெய வினையே, ஆதியாகமம் 8:1இல் பெருவெள்ளம் வடிந்ததையும் குறிக்கிறது. இது தன்வினை. பிறவினைக்கும் இடமுண்டு. ஆதியாகமம் 32:20இல் ஏசாவை வெகுமதியால் சாந்தப்படுத்த யாக்கோபு எண்ணுகிறான். அங்கு வருவது 'கிப்பேர்' என்னும் வினை. ஆனால் இதே வினை பலிமுறையில் வரும் லேவியராகமம் 17:11இல், பலியின் இரத்தத்தைக் கொடுப்பவர் கடவுளே. ஏசாவுக்கு யாக்கோபு கொடுத்தான். இங்கோ பெறவேண்டியவரே கொடுக்கிறார்.

'கிப்பேர்' கிரேக்கத்தில் 'ஹிலாஸ்கொமாய்' என்னும் வினையின் குடும்பத்தால் பெயர்க்கப்பட்டது. 1931இல் சி. எச். டாட், இச்சொற்கள் திருமறையில் கடவுளைச் சாந்தப்படுத்துவதையன்று, பாவத்தை நீக்குவதையே குறிக்கின்றன என வாதிட்டார். 1955இல் லியோன் மாரிஸ், கடவுளின் சினத்தை அச்சொற்களினின்று அகற்றிவிட இயலாது என மறுத்தார். இருவர் கருத்திலும் உண்மையுண்டு. சினம் மெய்யானது, எனினும் ரோமர் 3:25இல் கிறிஸ்துவை ஏற்படுத்துபவர் கடவுளே. ஆகவே எழுவாய் அவரே. தமிழின் தன்வினை இவ்விரு உண்மைகளையும் ஒருங்கே தாங்கவல்லது.

வேறுபாடும் கடமையும்

திருத்தணி மரபில் பகைவன் வெல்லப்பட்டபின் சினம் தணிகிறது. ரோமர் 5:10இன்படியோ, நாம் பகைவராயிருக்கையிலேயே ஒப்புரவாக்கப்பட்டோம். இவ்வேறுபாட்டை, அண்டை வீட்டாரின் பக்தியை இகழாமல் எடுத்துரைப்பது நம் கடமை.

'குமாரன் பிதாவின் சினத்தைத் தணித்தார்' என விளக்கமின்றிப் போதிக்கையில், கொடிய பிதாவும் இரங்கும் குமாரனுமாக இருவரைச் சபையார் கற்பனை செய்துகொள்கின்றனர். நோயுற்றோர் பலர், "ஆண்டவருடைய கோபம் தணிய நான் என்ன கொடுக்கவேண்டும், ஐயா?" என வினவுவதை ஆயர்கள் அறிவர். அவ்வினாவிற்குள் மறைந்திருப்பது பிறவினையே. கொடுக்கவேண்டியதைக் கடவுளே கொடுத்துவிட்டார் என்பது நற்செய்தியின் விடை. படுக்கையருகே நிற்கும் ஆயர் முதலில் திருத்தவேண்டியது அந்த ஓரெழுத்தையே.